கிரெடிட் லிமிட்டை ஏற்றியது யார்? போஸ்ட்கிரெஸில் எடிட் லாக் போட்ட கதை

ஆடிட்டர் கேட்டது இரண்டே கேள்வி. "உங்க சாஃப்ட்வேர்ல எடிட் லாக் இருக்குங்களா? இருந்தா, அதை ஆஃப் பண்ண முடியுங்களா?" எடிட் லாக் என்றால் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு. முதல் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் 'ஓரளவு'. இரண்டாவதுக்கு 'ஒரே நிமிஷத்தில்'.

கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் சொந்த மென்பொருளை நான் பராமரிக்கிறேன். பில்லிங், ஸ்டாக், டீலர் கணக்கு எல்லாம் அதில்தான் ஓடுகிறது. மேலே ஜாங்கோ (திரைகளையும் அதன் பின்னால் ஓடும் கோடையும் எழுத உதவும் கட்டமைப்பு), கீழே போஸ்ட்கிரெஸ் (தகவலை டேபிள்களாக வைக்கும் டேட்டாபேஸ்). டாலியில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. எடிட் லாக்கை அணைக்கவே முடியாத டாலிபிரைம் பதிப்பு ஒன்று தனியாகவே கிடைக்கிறது. சொந்தமாக எழுதிய மென்பொருள் என்றால் அந்தப் பாரம் எழுதியவன் தலையில்.

ஆடிட்டர் வீம்புக்குக் கேட்கவில்லை. 2021 மார்ச் 24 அன்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் கணக்கு விதிகளைத் திருத்தியது. கணக்குப் புத்தகத்தில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும், அது நடந்த தேதியோடு, மென்பொருளே பதிந்து வைக்க வேண்டும். அந்தப் பதிவை யாரும் அணைக்க முடியக் கூடாது. இரண்டு முறை தள்ளிப்போன பிறகு 2023 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஆடிட் விதி 11(ஜி) இன்னும் கறார்: அந்த வசதி இருக்கிறதா, வருடம் முழுக்க ஓடியதா, எல்லாப் பரிவர்த்தனைக்கும் ஓடியதா, யாராவது கை வைத்தார்களா, பதிவைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்களா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும். கம்பெனிச் சட்டம் 128(5)-இன்படி கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் லாகுக்கும் அதே கணக்கு. கூட்டு வியாபாரம், தனிநபர் வியாபாரம் எல்லாம் இதற்குள் வராது. ஆனாலும் கிரெடிட் லிமிட்டை யார் ஏற்றினார்கள் என்று ஒரு தடவையாவது சண்டை வந்த கடைக்காரருக்கு, சட்டம் கேட்காவிட்டாலும் இது வேண்டிய வசதிதான்.

நான் 'ஓரளவு' என்றதற்குக் காரணம், ஜாங்கோவோடு ரெடியாக வரும் அட்மின் திரை ஏற்கெனவே ஒரு லாக் வைத்துக்கொள்கிறது. டீலர் ரெக்கார்டில் 'கடன் வரம்பு' ஃபீல்டு மாறியது என்று அதில் இருக்கும். எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்று இருக்காது. அதோடு அட்மின் திரை வழியாகச் செய்தால் மட்டும்தான் அந்த வரியும் விழும். ஜாங்கோ-சிம்பிள்-ஹிஸ்டரி போன்ற ரெடிமேட் பேக்கேஜ்கள் பழைய மதிப்பையும் வைத்துக்கொள்ளும். சிறிய வேலைக்கு நல்ல பேக்கேஜ்தான். ஆனால் அது மாடலின் (டேபிளைக் குறிக்கும் ஜாங்கோ கோடு) சேவ் நடக்கும்போது எழும் சிக்னலை, அதாவது உள் அறிவிப்பை, நம்பி இருக்கிறது. குவெரிசெட் (பல ரெக்கார்டுகளின் தொகுப்பு) மீது நேராக அப்டேட் போட்டால் சேவ் நடக்காது, சிக்னல் எழாது, லாகும் விழாது. எங்கள் கோடில் விலைப்பட்டியல் மாற்றம் முழுக்க அப்படித்தான் எழுதியிருக்கிறது, வேகத்துக்காக.

இந்த இடத்தில் ஒரு தாளை எடுத்து, ஒரு ஃபீல்டு எந்தெந்த வழியில் மாற முடியும் என்று எழுதிப் பார்த்தேன். கவுண்டர் திரை. அட்மின் திரை. எக்செல் இம்போர்ட். செலரி என்ற கருவி ராத்திரி தானே ஓட்டும் வேலைகள். மொபைல் ஆப் வந்து பேசும் வழியான ஏபிஐ. கடைசியாக, அவசரத்துக்கு நானே பிஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் கட்டளைத் திரையில் உட்கார்ந்து நேராக அடிக்கும் அப்டேட். இந்தக் கடைசி வழியைத்தான் ஆடிட்டர்கள் இப்போது குறிவைக்கிறார்கள். 2023-24 நிதியாண்டுக்கான தணிக்கை அறிக்கைகளைப் புரட்டினால், 'டேட்டாபேஸில் நேரடியாகச் செய்யும் மாற்றங்களுக்கு ஆடிட் டிரெயில் இயக்கப்படவில்லை' என்ற வாசகம் (ஆடிட் டிரெயில் என்பது எடிட் லாக்தான்) பெரிய கம்பெனிகளிலும் தட்டுப்படும். ஆக, அப்ளிகேஷனில் எவ்வளவு அழகாக லாக் எழுதினாலும் பாதிக் கிணறுதான். எல்லா வழியும் வந்து சேரும் இடம் டேபிள். டேபிள் மாறினாலே தானாக ஓடும் ட்ரிகர் என்ற கோடு அங்கே உட்கார வேண்டும்.

லாக் டேபிளின் அமைப்பை முடிவு செய்வதில் ஒரு கிளை பிரிகிறது. மாறிய ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு வரியா, மாறிய ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒரு வரியா? முதலாவது தேடுவதற்கு வசதி, ஆனால் ஒரே சேவில் ஆறு ஃபீல்டு மாறினால் ஆறு வரி. இம்போர்ட் நாளில் டேபிள் ஊதிவிடும். நான் இரண்டாவதை எடுத்தேன். பழைய மதிப்புகள் ஒரு ஜேசான்பி (பெயரையும் மதிப்பையும் ஜோடியாக வைக்கும் வடிவம்) ஃபீல்டில், புதிய மதிப்புகள் இன்னொன்றில், அதுவும் மாறியவை மட்டும். டெலீட் என்றால் மட்டும் முழு ரெக்கார்டும் பழையதில் போகும். ஒரு வரி இப்படி இருக்கும்:

டேபிள்: டீலர்
ரெக்கார்டு: 418
செயல்: அப்டேட்
பழையது: கடன் வரம்பு 200000.00, கடன் நாள் 30
புதியது: கடன் வரம்பு 500000.00, கடன் நாள் 45
யார்: விற்பனை 07
டிபி லாகின்: ஆப் ரன்
எப்போது: 2024-06-11 18:42:07+05:30

ட்ரிகர் ஃபங்ஷன் எல்லா டேபிளுக்கும் ஒன்றேதான். பழைய ரெக்கார்டையும் புதிய ரெக்கார்டையும் ஜேசான்பியாக மாற்றி, ஒவ்வொரு சாவியாக (ஃபீல்டு பெயராக) ஒப்பிட்டு, வேறுபட்டதை மட்டும் எடுக்கிறது. மாற்றம் முடிந்த பிறகு ஓடும் 'ஆஃப்டர்' ட்ரிகராகத்தான் இருக்க வேண்டும். 'பிஃபோர்' ட்ரிகர்கள் மதிப்பைத் திருத்தக்கூடும். அவை எல்லாம் முடிந்து கடைசியில் டேபிளில் என்ன உட்கார்ந்ததோ அதுதான் லாகுக்கு வேண்டும்.

ஒப்பிடும் இடத்தில் இரண்டு விஷயம். சமமில்லை என்ற குறியைப் போட்டு ஒப்பிடக் கூடாது. ஃபீல்டை நேராகவோ டெக்ஸ்டாகவோ எடுத்து ஒப்பிடும்போது ஒரு பக்கம் நல் (மதிப்பே இல்லாத நிலை) இருந்தால் விடையும் நல். ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்) காலியாக இருந்து முதல் முறையாக நிரப்பிய மாற்றம் லாகில் விழவே விழாது. 'இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்' என்று எழுதினால் நல்லையும் ஒரு மதிப்பாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, டெக்ஸ்டாக மாற்றி ஒப்பிடாமல் ஜேசான்பியாகவே ஒப்பிடுவது நல்லது. தசம இடம் கட்டாத நியூமரிக் ஃபீல்டில் 100.0 என்று இருந்ததை யாரோ 100.00 என்று சேவ் செய்தால், டெக்ஸ்ட் ஒப்பீட்டுக்கு அது விலை மாற்றம். ஜேசான்பிக்கு இரண்டும் ஒரே எண். தினமும் நூறு பொய் மாற்றம் விழுந்தால் லாகை யாரும் படிக்க மாட்டார்கள்.

அதே காரணத்துக்காக, 'கடைசியாக மாற்றிய நேரம்' ஃபீல்டு மட்டும் மாறியிருந்தால் லாக் எழுதாமல் திரும்பச் சொல்லியிருக்கிறேன். திரையைத் திறந்து ஒன்றும் தொடாமல் சேவ் அடிக்கும் பழக்கம் எல்லா ஆபீசிலும் உண்டு. கடவுச்சொல் ஹாஷ் (மூலத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற சரம்), ஓடிபி, வங்கி ஏபிஐ சாவி போன்றவை மாறியது என்று மட்டும் பதியும், மதிப்பு பதியாது. இதை மறந்தால், மூல டேபிளை விடப் பெரிய ரகசியக் குவியல் லாக் டேபிளில் சேரும்.

இதுவரை சொன்னதெல்லாம் அரை நாள் வேலை. உயிரை வாங்கியது 'யார்' என்ற ஃபீல்டு.

டேட்டாபேஸைப் பொறுத்தவரை ஆபீஸில் இருப்பது ஒரே ஆள்தான். அப்ளிகேஷன் ஒரே லாகினில் இணைகிறது. கவுண்டர் பையன் அடித்தாலும் எம்டி அடித்தாலும் போஸ்ட்கிரெஸுக்கு அது 'ஆப் ரன்'. ஆக, ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் (திரையிலிருந்து வரும் கோரிக்கையிலும்) அப்ளிகேஷன்தான் உள்ளே வந்தவர் பெயரை டேட்டாபேஸுக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு செட் கான்ஃபிக் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. நாமே ஒரு செட்டிங் பெயர் வைத்து அதில் யூசர் ஐடியைப் போட்டுவிடலாம், ட்ரிகர் அதைக் கரண்ட் செட்டிங் என்ற ஃபங்ஷனால் எடுத்துக்கொள்ளும். செட் கான்ஃபிக்குக்குக் கொடுக்கும் மூன்றாவது ஆர்குமென்ட் முக்கியம். அது 'ட்ரூ' என்றால் அந்த மதிப்பு நடப்பு ட்ரான்சாக்ஷனோடு (ஒன்றாக முடியும் அல்லது ஒன்றாகப் பின்வாங்கும் கட்டளைகளின் தொகுதி) போய்விடும். 'ஃபால்ஸ்' என்றால் அந்த இணைப்பு இருக்கும்வரை தங்கும். நடுவில் பிஜிபவுன்சர் போன்ற பூலர் (டேட்டாபேஸ் இணைப்பைப் பலருக்குப் பகிரும் மென்பொருள்) இருந்து ட்ரான்சாக்ஷன் முறையில் இணைப்பைப் பகிர்ந்தால், 'ஃபால்ஸ்' என்பது வம்பை விலைக்கு வாங்குவது. முந்தைய ஆள் விட்டுப்போன பெயரில் அடுத்த ஆளின் மாற்றம் பதியும். பெயர் இல்லாத லாகைக்கூடச் சகிக்கலாம், தப்பான பெயர் இருக்கும் லாகை முடியாது.

சரி, 'ட்ரூ' போட்டு ஜாங்கோவில் ஒரு மிடில்வேர் (ஒவ்வொரு ரிக்வெஸ்டும் கடந்து போகும் இடைக்கோடு) எழுதி, ஒவ்வொரு ரிக்வெஸ்டின் தொடக்கத்திலும் பெயரைச் சொல்ல வைத்தேன். சோதித்தால் 'யார்' காலி. எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, மற்ற ஃபீல்டெல்லாம் சரியாக இருக்கிறது.

காரணம் ஜாங்கோவின் அடாமிக் ரிக்வெஸ்ட்ஸ் என்ற செட்டிங்கில். அது ட்ரூவாக இருந்தால் ரிக்வெஸ்ட் முழுக்க ஒரே ட்ரான்சாக்ஷன் என்றுதான் பெயரைப் பார்த்தால் தோன்றும். ஆனால் அது வியூ ஃபங்ஷனை (ரிக்வெஸ்டுக்குப் பதில் தயாரிக்கும் கோடு) மட்டும்தான் ட்ரான்சாக்ஷனில் சுற்றுகிறது. மிடில்வேர் அதற்கு வெளியே ஓடுகிறது. மிடில்வேரில் போட்ட செட் கான்ஃபிக் தனக்கென ஒரு குட்டி ட்ரான்சாக்ஷனில் பிறந்து அங்கேயே முடிந்துவிடும். வியூவின் ட்ரான்சாக்ஷன் தொடங்கும்போது பெயர் இல்லை.

அதன் மேல் இன்னொரு சிக்கல். செட்டிங் இல்லாவிட்டால் நல் கொடு என்று கரண்ட் செட்டிங்கிடம் கேட்க முடியும், போஸ்ட்கிரெஸ் 9.6-இலிருந்து அந்த வசதி உண்டு. நல் வந்தால் 'தெரியாத ஆள்' என்று எழுதி அலாரம் அடிக்க ட்ரிகரில் கோலெஸ் (நல் வந்தால் வேறு மதிப்பைத் தரும் ஃபங்ஷன்) போட்டிருந்தேன். அலாரம் அடிக்கவில்லை. ஏனென்றால் ஒரு இணைப்பில் அந்த செட்டிங்கை ஒரு தடவை ட்ரான்சாக்ஷன் அளவில் வைத்துவிட்டால், ட்ரான்சாக்ஷன் முடிந்த பிறகு அது நல்லுக்குத் திரும்பாது, வெறும் சரமாக (எழுத்தே இல்லாத டெக்ஸ்டாக) திரும்பும். கோலெஸுக்கு வெறும் சரமும் ஒரு மதிப்புதான். நல்இஃப் என்ற ஃபங்ஷனில் சுற்றி, வெறும் சரத்தை நல்லாக்கிய பிறகுதான் அலாரம் வாய் திறந்தது.

மிடில்வேருக்கு வழி, அதற்குள்ளேயே அடாமிக் பிளாக் (ஒரு ட்ரான்சாக்ஷனைத் தொடங்கி முடிக்கும் கோடு) ஒன்றைத் திறந்து, அதில் பெயரைச் சொல்லி, அந்த பிளாக்குக்குள்ளேயே ரிக்வெஸ்டை மேலே அனுப்புவது. இதைச் செய்யும்போது அடாமிக் ரிக்வெஸ்ட்ஸை 'இனி எதற்கு' என்று அணைத்துவிடாதீர்கள். வியூவில் எர்ரர் வந்தால் ஜாங்கோ அதை 500 (சர்வர் எர்ரர்) பதிலாக மாற்றித்தான் மிடில்வேருக்குக் கொடுக்கும். மிடில்வேரின் பிளாக் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்து கமிட் செய்துவிடும், அதாவது மாற்றத்தை நிரந்தரமாக்கிவிடும். உள்ளே அடாமிக் ரிக்வெஸ்ட்ஸ் இருந்தால் வியூவின் பகுதி ஒரு சேவ்பாயின்டாக (அந்த இடம்வரை மட்டும் பின்வாங்கக்கூடிய புள்ளியாக) நின்று, எர்ரரில் தானே பின்வாங்கிவிடும்.

ராத்திரி வேலைகளுக்கு வேலையின் பெயரையே யூசராகச் சொல்ல வைத்தேன். எக்செல் இம்போர்ட்டுக்கு இம்போர்ட் செய்தவரின் பெயரோடு ஃபைல் பெயரும். பிஎஸ்கியூஎல்-இல் நேராக நுழைபவருக்குத் தனித்தனி டிபி லாகின். எனக்கும் ஒன்று.

டிபி லாகினைப் பதிவதிலும் ஒரு கண்ணி உண்டு. ட்ரிகர் ஃபங்ஷன் 'செக்யூரிட்டி டிஃபைனர்' வகை. அதாவது கூப்பிடுபவரின் உரிமையில் ஓடாமல், ஃபங்ஷனின் சொந்தக்காரர் உரிமையில் ஓடும். அப்படி இருந்தால்தான் அப்ளிகேஷன் லாகினுக்கு லாக் டேபிளில் எழுதும் உரிமை எதுவும் கொடுக்காமல் இருக்க முடியும். ஆனால் அந்த ஃபங்ஷனுக்குள் கரண்ட் யூசர் என்று கேட்டால் வருவது சொந்தக்காரர் பெயர். எல்லா வரியிலும் ஒரே பெயர். கேட்க வேண்டியது செஷன் யூசர். கூடவே, இந்த வகை ஃபங்ஷனில் சர்ச் பாத்தை (டேபிளை எந்தெந்த ஸ்கீமாவில், அதாவது டேபிள் தொகுப்பில், தேடுவது என்ற வரிசை) கட்டிப்போடுவது கட்டாயம், இல்லையென்றால் அதே பெயரில் வேறு ஸ்கீமாவில் டேபிள் வைத்து ஏமாற்ற வழி இருக்கிறது.

இத்தனையும் செய்து லாக் ஓட ஆரம்பித்த பிறகு, ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் திரையைக் காட்டிக் கேட்டார்: "ஏங்க தம்பி, அன்னைக்கு நா லீவுங்க. இதுல என்ற பேரு எப்புடிங்க வந்துச்சு?" லாக் சரியாகத்தான் எழுதியிருந்தது. அவர் லாகினைத் திறந்து வைத்துவிட்டுப் போக, ஸ்டோர்ஸில் எல்லாரும் அதிலேயே வருடக்கணக்காக ஸ்டாக் திருத்திக்கொண்டிருந்தார்கள். லாகுக்குத் தெரிந்தது லாகின்தான், ஆளை அதற்குத் தெரியாது. ஆளுக்கொரு லாகினும், கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் தானே வெளியேறும் அமைப்பும் போட்டோம். முதல் வாரம் எல்லாரும் என்னைத் திட்டினார்கள்.

இனி ஆடிட்டரின் இரண்டாவது கேள்வி: அணைக்க முடியுமா? லாக் டேபிளில் அப்டேட், டெலீட், ட்ரன்கேட் (டேபிளை ஒரேயடியாகக் காலி செய்வது) உரிமைகளைப் பறித்துவிட்டால் போதும் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். எங்கள் அமைப்பில் அது போதாது. ஜாங்கோ மைக்ரேஷனை (டேபிள் அமைப்பை மாற்றும் வேலை) ஓட்டும் லாகின்தான் டேபிள்களின் சொந்தக்காரர். அப்ளிகேஷனும் அதே லாகினில்தான் ஓடிக்கொண்டிருந்தது. டேபிளின் சொந்தக்காரர் அதில் உள்ள ட்ரிகரை ஒரே கட்டளையில் அணைக்கலாம். ஆகவே லாகினை மூன்றாகப் பிரித்தேன்: மைக்ரேஷனுக்கு ஒன்று, தினசரி ஓட்டத்துக்கு ஒன்று, லாக் ஸ்கீமாவுக்குச் சொந்தக்காரராக, லாகின் உரிமையே இல்லாத ரோல் ஒன்று. இந்தப் பிரிப்புதான் முழு வேலையிலும் பெரியது. ஒவ்வொரு டேபிளுக்கும் ஒவ்வொரு சீக்வென்ஸுக்கும் (வரிசை எண் கொடுக்கும் அமைப்பு) உரிமையைத் திரும்பக் கொடுத்து, விட்டதெல்லாம் கவுண்டரில் எர்ரராக வந்து, அதையும் சரிசெய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை.

இன்னும் சில ஓட்டைகள். ட்ரன்கேட் செய்தால் ரெக்கார்டு அளவிலான ட்ரிகர் எதுவும் ஓடாது. அதற்குத் தனியாக ஸ்டேட்மென்ட் அளவில் ஒரு ட்ரிகர் வைத்து, ட்ரன்கேட்டையே மறுத்துவிட்டேன். செஷனின் ரெப்ளிகேஷன் ரோல் என்ற செட்டிங்கை 'ரெப்ளிகா' என்று மாற்றினால் சாதாரண ட்ரிகர்கள் தூங்கிவிடும். 'எனேபிள் ஆல்வேஸ்' என்று குறித்த ட்ரிகர் மட்டும் விழித்திருக்கும். புதிதாக ஒரு டேபிள் சேர்க்கும்போது ட்ரிகர் போட மறப்பது எல்லாவற்றையும் விடச் சாதாரணமான ஓட்டை. டிப்ளாய் செய்யும் (புதிய கோடை சர்வரில் ஏற்றும்) ஸ்கிரிப்டில் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: கணக்கு சார்ந்த டேபிள் ஒன்றில் ட்ரிகர் இல்லாவிட்டாலும், இருந்து அணைந்திருந்தாலும் டிப்ளாய் நின்றுவிடும்.

சூப்பர்யூசரை (எல்லா உரிமையும் உள்ள டேட்டாபேஸ் லாகினை) மட்டும் டேட்டாபேஸுக்குள் இருந்தே தடுக்க வழியில்லை. அவர் எதையும் அணைப்பார், எதையும் திருத்துவார். செய்யக்கூடியது, திருத்தினால் வெளியே தெரியும்படி செய்வதுதான். தினமும் நள்ளிரவுக்குப் பிறகு முந்தைய நாள் லாகை ஒரு ஃபைலாக எடுத்து, வேறு மெஷினுக்கு நகல் அனுப்பி, அந்த ஃபைலின் எஸ்எச்ஏ-256 ஹாஷை அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கும் ஆடிட்டர் ஆபீசுக்கும் மெயில் செய்கிறது ஒரு வேலை. எந்த நாளையும் திரும்ப எடுத்து ஹாஷ் போட்டுப் பார்த்தால் மெயிலில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு வரியையும் முந்தைய வரியின் ஹாஷோடு கோத்துச் சங்கிலியாக வைப்பது காகிதத்தில் இதைவிட அழகு. ஆனால் எல்லா மாற்றமும் ஒரே வரிசையில் நின்று காத்திருக்க வேண்டும், மாதக் கடைசியில் கவுண்டரில் பில் போட முடியாது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நேரம் பற்றி ஒரு சிறு குறிப்பு. போஸ்ட்கிரெஸில் நவ் என்ற ஃபங்ஷன் தருவது ட்ரான்சாக்ஷன் தொடங்கிய நேரம். மாதக் கடைசி ஸ்டாக் குளோசிங் போல நீளமாக ஓடும் வேலையில் ஆயிரக்கணக்கான மாற்றமும் ஒரே நொடியில் நடந்ததாகத் தெரியும். அந்தக் கணத்தின் நேரத்தைத் தரும் க்ளாக் டைம்ஸ்டாம்ப்பைப் பயன்படுத்தி, கூடவே ட்ரான்சாக்ஷன் எண்ணையும் பதிந்தால் எப்போது என்பதும் தெரியும், எதெல்லாம் ஒரே சேவில் நடந்தது என்பதும் தெரியும். லாக் டேபிளை மாதவாரியாகப் பார்ட்டிஷன் செய்து பிரித்திருக்கிறேன், நேரத்துக்கு பிரின் என்ற சிறிய வகை இண்டெக்ஸ். 8 ஆண்டு வைத்திருந்தாலும் தேடல் தள்ளாடாது.

ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்த பையன் மாதிரிச் சோதனை செய்தான். டீலர் ஒருவரின் கடன் நாளை மாற்றச் சொல்லி லாகில் பார்த்தான். என்னை பிஎஸ்கியூஎல்-இல் நேராக ஒரு பில் தொகையை மாற்றச் சொன்னான்; என் பெயரில் விழுந்தது. அப்ளிகேஷன் லாகினில் நுழைந்து லாக் வரியை அழிக்கச் சொன்னான், பர்மிஷன் டினைட். பிறகு லாகை எக்செலில் எடுத்து, வரிசை எண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், நடுவுல நம்பர் நிறைய விட்டுப்போயிருக்கே, அழிச்சீங்களா?"

நல்ல கேள்வி. போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸ் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளாது. ஒரு ட்ரான்சாக்ஷன் பாதியில் எர்ரராகிப் பின்வாங்கினால் லாக் வரியும் கூடவே போய்விடும், ஆனால் அதற்குக் கொடுத்த எண் போனது போனதுதான். வாயால் சொன்னால் நம்புவானா? அவன் கண்முன்னே, இருக்கும் ஸ்டாக்கை விட அதிகமாக ஒரு பில் போட்டேன். திரை மறுத்தது. அடுத்து ஒரு சரியான மாற்றம் செய்து காட்டினேன். இடையில் எண் தாண்டியிருந்தது. தினசரி ஹாஷ் மெயில்களையும் காட்டிய பிறகு தன் தாளில் குறித்துக்கொண்டான். அன்று மாலையே இந்த விளக்கத்தை லாக் திரையின் தலைப்பில் இரண்டு வரியாகச் சேர்த்தேன், அடுத்த வருடம் வேறு பையன் வருவான்.

அந்தத் திரை பற்றியும் ஒரு வார்த்தை. ஜேசானை அப்படியே காட்டினால் அக்கவுண்ட்ஸில் யாரும் தொட மாட்டார்கள். டீலர் திரையிலேயே 'மாற்ற வரலாறு' என்று ஒரு டேப். அதில் ஃபீல்டின் பெயர் திரையில் இருக்கும் பெயராகவே, தொகை 5,00,000 என்று நம் கமாவோடு, விற்பனைப் பிரதிநிதி எண் 12 என்பதற்குப் பதில் அவர் பெயர். கடன் வரம்பு, வங்கிக் கணக்கு எண், பில் ரத்து ஆகிய மூன்றுக்கு மட்டும் காரணம் எழுதாமல் சேவ் ஆகாது. எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டால் எல்லா இடத்திலும் ஒரு புள்ளி வைத்து நகர்ந்துவிடுவார்கள் என்று தெரியும்.

பாக்கி இருப்பது ஸ்கேன் செய்து ஏற்றும் சப்ளையர் பில்கள். ஃபைல் டிஸ்கில் இருக்கிறது, டேபிளில் இருப்பது அதன் பாதை மட்டும். அதே பெயரில் வேறு ஸ்கேனை யாராவது டிஸ்கில் மேலே வைத்தால் எந்த ட்ரிகருக்கும் தெரியாது. இப்போதைக்கு, ஏற்றும்போதே ஃபைலின் ஹாஷையும் டேபிளில் எழுதி வைக்க ஆரம்பித்திருக்கிறேன். ராத்திரி வேலை ஒன்று டிஸ்கில் இருப்பதோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் மெயில் அனுப்புகிறது. பழைய ஸ்கேன்களுக்கு ஹாஷ் போடும் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.